உம்பான் பந்தியில் இரண்டு சர்க்கார்

தண்டவாளத்துக்கு வடக்கே கெண்டை மீன் துள்ளிக்கொண்டிருந்தது. தெற்கே நண்டு தாகத்தில் வாயைப் பிளந்து கிடந்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு மண்மேடு, மேட்டின்மேல் கன்னியாகுமரிக்குப் போகிற ரயில்பாதை. இரண்டாயிரத்துப் பன்னிரண்டு கார்த்திகையில் எங்கள் ஈச்சன்விளையின் நிலவரம் இதுதான். நான் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறவன் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. நண்டு விஷயத்தில் கூட்டவில்லை. கெண்டை விஷயத்தில் வேண்டுமானால் ஒரு துள்ளலைக் கழித்துக்கொள்ளலாம்.

கால்வாய் வடக்கேயிருந்து வரும். பாதைக்கு அடியில் ஒரு பெரிய குழாய் வழியாக நுழையும். தெற்கே வெளிப்பட்டதும் முதலில் தலைகாட்டுவது கிருஷ்ணமணி வீட்டு வயலில். ஐப்பசியில் ஒரே ஒரு நாள் பேய்மழை பெய்தது. அந்த வெள்ளம் எங்கோ விழுந்து கிடந்த ஒரு தென்னந்தடியை உருட்டி வந்து குழாய்க்குள் செருகிவிட்டது. தடிக்குப் பின்னால் சேறு, சேற்றுக்குப் பின்னால் ஓலை, மட்டை, பாசி. கள்ளுக்கலயத்தை இலைவைத்துக் கட்டியதுபோல அடைத்துக்கொண்டது. அதோடு மழையும் விடைபெற்றுப் போய்விட்டது. மருந்துவாழ்மலைக்கு மேலே தினமும் மேகம் வந்து நிற்கும், எங்களைப் பார்க்கும், பத்துமணி வாக்கில் கலைந்து போய்விடும்.

கும்பப்பூ, அதாவது மாசியில் அறுக்கிற நெற்பயிர், கதிரைப் பொதிகட்டி நின்ற நேரம். அப்போது தண்ணீர் இல்லையென்றால் கதிர் வெளியே வரும், உள்ளே ஒன்றும் இருக்காது. கிருஷ்ணமணி குளத்தங்கரையில் டீசல் மோட்டாரை வைத்து இறைத்துப் பார்த்தார். குளத்திலும் கணுக்கால் அளவுதான் கிடந்தது. மோட்டார் சேற்றை உறிஞ்சி, இழுப்புக்காரனைப்போல இருமி, ஒரு தவளையைத் துப்பிவிட்டு நின்றுபோனது.

கிருஷ்ணமணி எனக்கு அடுத்த வீட்டுக்காரர். பனைமரம் போல உயரம். மனைவி பகவதியம்மாள் அவர் தோளுக்கும் எட்டமாட்டாள். ஆனால் அந்த வீட்டில் அவள் சொல்லுக்கு மேலே இருப்பது கூரை மட்டும்தான். வயலே அவளுடையது, அவள் அப்பா சீதனமாகக் கொடுத்தது. மகன் விபின் துபாயில் இருந்தான். வயல் ரோட்டோரம் என்பதால், அதை மண்போட்டு நிரத்தி வீட்டுமனையாக விற்றுவிடலாம் என்று வெள்ளிக்கிழமைதோறும் போனில் சொல்வான். ஒரு வெள்ளிக்கிழமை, மோட்டார் தவளை துப்பிய எரிச்சலில் இருந்த கிருஷ்ணமணி, இந்தக் கும்பப்பூ கருகிப்போனால் நீ சொன்னபடியே செய்துகொள் என்று சொல்லித் தொலைத்துவிட்டார். விபின் அந்த வாக்கைப் பிடித்துக்கொண்டான். மார்கழி பிறந்து மறுநாள், திங்கட்கிழமை காலையில், வயலை அளக்க ஒரு புரோக்கர் வருவதாக ஏற்பாடு ஆகிவிட்டது.

செய்தி வீட்டில் வெடித்த காலையில் நான் அங்கேதான் இருந்தேன். பகவதியம்மாள் மரச்சீனிக்கிழங்கை அவித்து வடித்துக்கொண்டிருந்தாள். கடற்கரையிலிருந்து மீன் கொண்டுவருகிற கிளீட்டஸ் பைக்கை நிறுத்தி, பெட்டியிலிருந்து சாளை மீனை அள்ளி அவள் சட்டியில் போட்டான்.

"யாருக்க வயலுக்கு யாரு வாக்கு குடுக்கது?" என்று கேட்டாள் பகவதியம்மாள். கிழங்கைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"ஏட்டி, கருகுனாத்தானே சொன்னேன்" என்றார் கிருஷ்ணமணி.

"ஆமா. கருகட்டும்னு சொல்லிட்டு வானத்தப் பாத்துட்டு நில்லுங்க."

அவர் பேச்சை மாற்றுவதற்காகக் கிளீட்டஸ் பக்கம் திரும்பினார். "ஏலே, உனக்க கடல்ல உப்ப மட்டும் எடுத்துட்டு பாக்கிய இஞ்ச திருப்பி விடப்பிடாதா?"

"கடலு எந்த சர்க்காருக்குன்னு மொதல்ல கேட்டுட்டு வாரும் ஓய்" என்றான் கிளீட்டஸ். "கரைக்குப் பக்கத்துல வலை போட்டா சென்னை சர்க்காரு. தள்ளிப் போனா டெல்லி சர்க்காரு. ரெண்டு பேரும் கேள்வி கேப்பானுவ. மீனுக்கு மட்டும் எதும் தெரியாது, பாவம், அதுபாட்டுக்கு நீந்திட்டுத் திரியுது."

அவன் விளையாட்டாகச் சொன்னதுதான் எங்கள் கதை. கால்வாய் மாநில சர்க்காருக்கு, அதாவது பொதுப்பணித்துறைக்கு. பாதையும் பாதைக்கு அடியில் இருக்கிற குழாயும் மத்திய சர்க்காருக்கு, அதாவது ரயில்வேக்கு. நாமே இறங்கித் தடியை உருவிவிடலாமென்றால், வேலிக்கல்லைத் தாண்டிக் கால் வைத்தாலே ரயில்வே போலீஸ் வந்துவிடும். அதுவும் நியாயம்தான். தண்டவாளத்துக்கு அடியில் கண்டவனும் கடப்பாரை போட்டால் வண்டி கன்னியாகுமரிக்குப் போகாது, நேரே கடலுக்குப் போகும்.

நான் கலெக்டர் ஆபீசில் ரயில்வே, தபால், டெலிபோன், கடலோரக் காவல் என்று டெல்லியோடு ஒட்டிய காகிதங்களைப் பார்க்கிற பிரிவிலேயே நரைத்து ஓய்வு பெற்றவன். ஆகையால் ஒரு ரகசியம் சொல்கிறேன். மாநில சர்க்காரும் மத்திய சர்க்காரும் பேசிக்கொள்வது, கல்யாணத்தில் பாயசம் பற்றாமல் போனதால் முகம் திரிந்த சம்பந்திமார் பேசிக்கொள்வது மாதிரி. நேரில் பேச்சு கிடையாது. மூன்றாவது ஆளைப் பார்த்து, 'அவங்ககிட்டச் சொல்லிருங்க' என்பார்கள். அவரும் பக்கத்தில்தான் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். ஆனாலும் சொல்லி அனுப்பினால்தான் காதில் விழும்.

பொதுப்பணித்துறையின் பிரிவு அலுவலகமும் ரயில்வே பொறியாளரின் அறையும் கூப்பிடு தூரம். இந்த ஜன்னலில் தும்மினால் அந்த ஜன்னலில் நூறு சொல்லலாம். அனுமதி கேட்கிற காகிதம் மட்டும் அப்படிப் போகாது. அது தாசில்தாரிடம் ஏறி, கலெக்டரிடம் ஏறி, சென்னையில் கோட்டைக்கு ஏறி, அங்கே மேஜை மேஜையாக இளைப்பாறி, ரயில்வேயின் தலைமையிடத்துக்குத் தாவி, அங்கிருந்து படிப்படியாக இறங்கி, கடைசியில் பக்கத்து ஜன்னலுக்கு வந்து சேரும். அதற்குள் தும்மியவருக்கு மாற்றல் ஆகிவிடும். நடுவில் கலெக்டர் மாதம் ஒரு கூட்டம் போட்டு எல்லாத் துறைக்காரர்களையும் உட்கார வைப்பார். எங்கள் குழாயும் அந்தக் கூட்டத்துப் பட்டியலில் ஏறியிருந்தது. ஆனால் அடுத்த கூட்டம் வருவதற்குள் பயிர் வைக்கோலாகிவிடும்.

நானும் கிருஷ்ணமணியும் முதலில் பொதுப்பணித்துறைக்குப் போனோம். அங்கே உதவிப் பொறியாளர் யேசுரத்தினம், மார்த்தாண்டத்துக்காரர். தங்கமான மனிதர். நாற்காலி போட்டு, சாயா வரவழைத்து, வருத்தப்பட்டார்.

"அண்ணாச்சி, வெள்ளம் எனக்க. வாய்க்காலும் எனக்க. கொழலு எனக்க இல்ல" என்றார். "ரயில்வேக்காரன் என்னிக்குன்னு எழுதித் தரட்டு, அன்னிக்குத் தண்ணி வராம மேல ஷட்டர நான் அடச்சுத் தாறேன்."

அங்கிருந்து ரயில்வே பொறியாளரிடம் போனோம். மாதவன்குட்டி என்று நெய்யாற்றின்கரைக்காரர். அவரும் தங்கம்தான். அவரும் நாற்காலி போட்டார், சாயா சொன்னார், வருத்தப்பட்டார்.

"கொழல் எங்களோடதாணு. சம்மதிச்சு" என்றார். "பட்சே அதுக்குள்ள கெடக்குந்ந சேறு உங்க ஸ்டேட்டோடதாணு. அவர் ஷட்டர் அடச்சா ஞான் அடுத்த நிமிஷம் ஆள எறக்கும்."

ஆக, கால்வாயும் சேறும் மாநிலம், குழாய் மத்தியம். தடி யாருக்கு என்பது மட்டும் தீர்மானமாகவில்லை. இதைத் தீர்க்கிறதுக்குச் சட்டத்தில் ஒரு வழி உண்டு. அதன் பெயர் கூட்டு ஆய்வு. இரண்டு பொறியாளர்களும் தடி கிடக்கிற இடத்தில் ஒன்றாக நின்று பார்த்து, செய்யலாம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டால் வேலையைத் தொடங்கலாம். ஆனால் கூட்டு ஆய்வுக்கு யார் யாரை அழைப்பது? குழாய்க்குச் சொந்தக்காரர் அழைக்கட்டும் என்றார் யேசுரத்தினம். கால்வாய்க்குச் சொந்தக்காரர் அழைக்கட்டும் என்றார் மாதவன்குட்டி. இருவரும் இதை நேர்த் தபாலில், கடிதமாகத்தான் சொல்லிக்கொண்டார்கள். அந்த ஒன்றரை மாதத்தில் அவர்கள் எழுதிக்கொண்ட கடிதங்களை மடித்துக் குழாய்க்குள் திணித்திருந்தால் தடியே பயந்து வெளியே வந்திருக்கும்.

மார்கழி பிறப்பதற்கு ஓரிரு நாள் இருக்கும்போது பகவதியம்மாள் என் வீட்டு நடைக்கு வந்தாள். தலையில் வைக்கோல் தூசி, கையில் மண்வெட்டி. வரப்பு வெடிப்பில் மண் இட்டு மூடிவிட்டு நேரே வருகிறாள்.

"அண்ணாச்சி, நீங்க அந்த ஆபீசுல கெடந்தவரு. ரெண்டு சர்க்காரும் எங்கதான் நேர்ல பாத்துக்கிடும்?"

"கூட்டு ஆய்வுல."

"அதுக்கு யாரு அழைக்கணும்னு சட்டத்துல இருக்கா?"

நான் யோசித்துப் பார்த்தேன். அத்தனை வருடம் அந்தக் காகிதங்களோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன். இந்த ஒன்றை யாரும் கேட்டதில்லை. அப்படி ஒன்றும் இல்லை என்றேன்.

"அப்பம் யாரும் அழைக்கலாம். நான் அழைச்சா?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைதான் மார்கழி ஒன்று. தமிழ் மாதத்தின் முதல் ஞாயிறு எங்கள் அய்யாவழிக்காரர்களுக்கு விசேஷம். நிழல்தாங்கல் என்கிற எங்கள் வழிபாட்டுக் கூடத்தில் நண்பகல் வழிபாடான உச்சிப்படிப்பு முடிந்ததும் உம்பான் தர்மம் இருக்கும். அரிசி, சிறுபயறு, பூசணி, வாழைக்காய், கிடைத்த காய் எல்லாவற்றையும் ஒரே உருளியில் போட்டு வேகவைப்பதுதான் உம்பான். வந்தவர் யாரானாலும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். எங்கள் தாங்கல் கால்வாய்க் கரையில், ரயில்வே வேலிக்கல்லை ஒட்டி இருக்கிறது. வாசலில் நின்று எட்டிப் பார்த்தால் குழாயின் வாய் தெரியும்.

பகவதியம்மாள் வெற்றிலை பாக்கை எடுத்துக்கொண்டு யேசுரத்தினம் வீட்டுக்குப் போனாள், அவர் மனைவியிடம் அழைப்பு வைத்தாள். பிறகு மாதவன்குட்டி குடியிருந்த வாடகை வீட்டுக்குப் போய் அங்கேயும் வைத்தாள். குழாயைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. உம்பான் சாப்பிட வரணும் என்றாள், அவ்வளவுதான். அலுவலகத்துக்குக் கடிதம் போனால் பதில் எழுதாமல் இருந்துவிடலாம். வீட்டுக்கு வெற்றிலை வந்தால் எங்கள் பக்கத்தில் யாராலும் தட்ட முடியாது, அவர் எந்தச் சாமி கும்பிட்டாலும் சரி, எந்த சர்க்காரில் சம்பளம் வாங்கினாலும் சரி.

நான் என் பழக்கப்படி, இருவரையும் வாசலிலேயே எதிர்கொண்டு, இவர் இன்னார், அவர் இன்னார் என்று முறைப்படி அறிமுகம் செய்துவைக்கத் திட்டம் போட்டிருந்தேன். பகவதியம்மாள் தடுத்துவிட்டாள்.

"பெணங்குன சம்பந்திய எடுத்த எடுப்புல நேருக்கு நேரா நிறுத்தப்பிடாது அண்ணாச்சி. பக்கத்துல பக்கத்துல உக்கார வைக்கணும். எலை முன்னால இருக்கம்ப மனுசன் மொறைக்க மாட்டான்."

ஞாயிற்றுக்கிழமை உச்சியில் இருவரும் வந்தார்கள். தாங்கலுக்குள் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத் தலைப்பாகை கட்டிக்கொண்டுதான் போக வேண்டும். யேசுரத்தினத்துக்குக் கிருஷ்ணமணி கட்டிவிட்டார். மாதவன்குட்டிக்கு நான் கட்டிவிட்டேன். வாழ்நாள் முழுக்கக் கோப்பு கட்டிய கை, முடிச்சு பிரமாதமாக விழுந்தது. சட்டைகள் பக்கத்துப் பக்கத்து ஆணியில் தொங்கின. நெற்றியில் வெள்ளைத் திருநாமம், இடுப்பில் வேட்டி, தலையில் பாகை. உள்ளே இருந்த நூறு பேரில் எவர் பொறியாளர், எவர் பனையேறி, எவர் பூசணி நறுக்கியவர் என்று தாங்கலில் இருக்கிற அய்யாவுக்கே இனங்காண முடிந்திருக்காது.

படிப்பு முடிந்து பந்தி உட்கார்ந்தது. பகவதியம்மாள் சொன்னபடியே இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு நான் எதிர்வரிசையில் உட்கார்ந்துகொண்டேன். கோட்டையிலிருந்து கூப்பிட்டாலும் அந்த இடத்தை விட்டு எழுந்திருக்க மாட்டேன்.

"இது கொள்ளாம், நல்ல ருசி கேட்டோ. எல்லாம் ஒரே பாத்ரத்துல" என்று மாதவன்குட்டிதான் தொடங்கினார்.

"நானும் இப்பதான் தின்னுகேன். சாருக்கு எங்கயாக்கும்?"

"நெய்யாற்றின்கர. சாரோ?"

"மார்த்தாண்டம்."

"ஓ, நடுவில அந்த களியக்காவிள செக்போஸ்ட் இல்லேல் ஒரே ஊராணல்லோ. வேல?"

"கவர்ன்மெண்டு."

"ஞானும்."

இரண்டு பேரும் ஒரு கவளம் கூடுதலாக உருட்டினார்கள். ஒரே தொழில்காரர்கள் சந்தித்துவிட்டால் அடுத்தது ஆவலாதிதான், குறைப் புலம்பல்.

"சொகமா போவுதா சாரே?" என்றார் யேசுரத்தினம்.

"எந்து சொகம். இவிட ஒரு ஆளு உண்டு. லெட்டர் எழுதியே நம்மள கொல்லும். ஒண்ணுக்கு மறுபடி எழுதி பேனா மூடுந்நதுக்குள்ள அடுத்தது வரும். எல்லாம் தமிழ். 'மேற்படி பொருள் தொடர்பாக.' எனிக்கு அத வாசிச்சுத் தரான் தனியா ஒருத்தன் வேணும்."

"உங்களுக்குப் பரவாயில்ல. எனக்கு ஒருத்தன் உண்டு, நேர்மாறு. நாலு எழுதினா ஒரு மறுபடி வரும். அதும் இங்கிலீசுல ரெண்டு வரி. ஆளு கறுப்பா செவப்பான்னு கூடத் தெரியாது."

"நேரில போய்க்கூடே?"

"நான் எதுக்கு சாரே போணும்? அவன் வரட்டு."

"அது செரி. அதாணு எண்டெ பாலிசியும்" என்று சொல்லி மாதவன்குட்டி, பிரியம் பொங்கி, தன் இலையிலிருந்த வாழைப்பழத்தை யேசுரத்தினத்தின் இலைக்கு நகர்த்தினார். நம்மைப்போல ரெண்டு பேர் ஒரே இடத்தில் இருந்துவிட்டால் நாட்டில் எந்த வேலையும் தங்காது என்றும் சொன்னார்.

அதுவரை பக்கத்து இலைகளுக்கு விளம்பிக்கொண்டிருந்த பகவதியம்மாள் அகப்பையோடு அவர்கள் முன்னால் வந்து நின்றாள். இன்னும் கொஞ்சம் விடட்டுமா என்று கேட்டாள். இருவரும் ஒரே நேரத்தில் இலைக்கு மேலே கையை நீட்டி மறைத்தார்கள்.

"கறுப்பா செவப்பான்னு தெரியாதுன்னு சொன்னியளே சார்" என்றாள் யேசுரத்தினத்திடம். "இன்னா, பக்கத்துல இருக்காரு. கறுப்புதான்."

எனக்கு உம்பான் புரையேறியது. எதிரே இரண்டு தலைப்பாகைகளும் மெதுவாகத் திரும்பின. நீட்டிய கை நீட்டியபடி நின்றது.

"மாதவன்குட்டி சாரா?"

"யேசுரத்தினம்?" அவர் இவரை மேலும் கீழும் பார்த்தார். "லெட்டர் கண்டப்போ ஒரு ஆறடி ஆளுன்னு ஞான் நெனச்சு."

சிரிக்கலாமா எழுந்துபோகலாமா என்று இரண்டு முகத்திலும் ஒரு கணம் தராசு ஆடியது. அந்த இடைவெளியில்தான் பகவதியம்மாள் குனிந்து, மெதுவாக, மற்ற இலைக்காரர்களுக்குக் கேட்காத குரலில் பேசினாள்.

"நாளைக்குக் காலம்பற எனக்க வயல அளக்க ஆளு வருகு. எங்க அப்பா கோவணம் கட்டிட்டு கல்லுபெறக்கி உண்டாக்குன வயலு. உங்க பேர்ல தப்பு இல்ல, அவரு பேர்லயும் இல்ல. தடி ஒண்ணு வந்து மாட்டிக்கிட்டு. அத எடுக்கணும்னா நீங்க ரெண்டு பேரும் ஒரு எடத்துல நிக்கணும்னு அண்ணாச்சி சொன்னாரு. அந்த எடம் இந்தச் சொவருக்கு அங்கோட்டுதான். இப்பம் ஒண்ணாத்தான் இருக்கிய. கை கழுவிட்டு எந்திரிச்சு நின்னாப் போதும்."

யேசுரத்தினம் இலையை மடித்தார். மாதவன்குட்டிதான் கடைசியாக ஒரு தடை எழுப்பிப் பார்த்தார்.

"கூட்டு ஆய்வுன்னா ஆராவது அழைக்கணுமே அம்மா. ஆரு அழைச்சு?"

"நான்தான். வெத்தல வச்சு."

தராசு அங்கே சாய்ந்தது. முதலில் யேசுரத்தினம் சிரித்தார். பிறகு பந்தியே சிரித்தது, என்ன விஷயம் என்று தெரியாதவர்கள்தான் அதிகமாகச் சிரித்தார்கள்.

இரண்டு பேரும் கை கழுவியதும் சட்டையைத் தேடக்கூட நிற்கவில்லை. தலைப்பாகையோடு வேலிக்கல்லைத் தாண்டி மேட்டில் ஏறினார்கள். மாதவன்குட்டி குழாயின் வடக்கு வாயில் குந்தி உள்ளே டார்ச் அடித்தார். யேசுரத்தினம் தெற்கு வாயில் குந்தி அடித்தார். இத்தனை நாள் கோட்டை வழியாகவும் தபால் வழியாகவும் பேசிய இருவரும், குழாயின் மேல்விளிம்பில் சேறு ஏறாமல் கிடந்த இடுக்கு வழியாகப் பேசிக்கொண்டார்கள். தடி நடுவில் இல்லை, தெற்கு வாய்க்குப் பக்கத்திலேயே இருக்கிறது, கயிறு போட்டு இழுத்தால் வரும், பாதையைத் தொடவே வேண்டாம் என்று தெரிந்தது. தாங்கல் நோட்டீஸின் பின்பக்கத்தில் நான் நான்கு வரி எழுதினேன். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். என் உத்தியோக காலம் முழுவதும் நான் எழுதிய லட்சக்கணக்கான வரிகளில் தண்ணீரை நகர்த்தியவை அந்த நான்குதான்.

அதன்பிறகு நடந்த வேகத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஆகையால் குறைத்தே சொல்கிறேன். யேசுரத்தினம் போன் போட்டு முடிப்பதற்குள் ஷட்டரைத் திறந்து மூடுகிற கால்வாய் லஸ்கர் சைக்கிளில் பறந்துபோய் மேல் ஷட்டரை அடைத்து, வடக்கே தேங்கியிருந்ததைப் பக்கத்து ஓடையில் வடித்துவிட்டார். மாதவன்குட்டியின் ஆட்கள் கொடியும் மண்வெட்டியுமாக வந்தார்கள். தலைப்பாகை கட்டிய ஒருவர் தங்களை விரட்டுவதைப் பார்த்து, நீர் யாரு ஓய் என்று கேட்டார்கள். அவர் மலையாளத்தில் இரண்டு வசனம் விட்ட பிறகுதான் சலாம் வைத்தார்கள். பாதையின் இரண்டு பக்கமும் கொடியோடு ஆள் நின்றது. பிற்பகல் பாசஞ்சர் வண்டி போகட்டும் என்று காத்திருந்தோம். மேட்டுக்குக் கீழே தலைப்பாகைக் கூட்டம் நிற்பதைப் பார்த்து டிரைவர் ஏதோ பெரிய திருவிழா என்று நினைத்து நீளமாக ஊதிக்கொண்டு போனார்.

தடிக்கு வலுவான கயிறு வேண்டுமே. கிருஷ்ணமணி கிளீட்டஸுக்குப் போன் அடித்தார். அவன் ஞாயிறு பூசை முடிந்து சாப்பிட்டுப் படுத்திருந்தவன், கரமடி இழுக்கிற கயிற்றையும் அதை இழுக்கிற ஆட்களையும் ஒரு மினிலாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினான். கடலுக்குள் வளைத்துப் போட்ட வலையைக் கரையில் நின்று இழுக்கிற கூட்டம் அது. முகத்தைக் கடலுக்குக் காட்டி, குதிகாலை மணலில் ஊன்றி, பின்னோக்கி நடந்தே ஒரு ஊர் மீனைக் கரையேற்றுகிறவர்கள்.

"இது என்னவே, வலையில திமிங்கலமா பட்டிருக்கு" என்று கேட்டுக்கொண்டே கிளீட்டஸ் குழாய்க்குள் நுழைந்து தடிக்குச் சுருக்குப் போட்டான். சேறு அப்பிய தலையோடு வெளியே வந்து, "பிடியுங்கல மக்கா" என்றான்.

கடற்கரைக்காரர்கள் முன்னால் பிடித்தார்கள், தாங்கல்காரர்கள் பின்னால் பிடித்தார்கள், ரயில்வே ஆட்கள் நடுவில். யேசுரத்தினமும் மாதவன்குட்டியும் ஒரே பிடியில் கையைக் கோத்துக்கொண்டார்கள். ஏலேலோ என்று கிளீட்டஸ் எடுத்துக்கொடுக்க, மொத்தக் கூட்டமும் பின்னோக்கி நடந்தது. முதல் இழுவையில் ஒன்றும் அசையவில்லை. அடுத்ததில் குழாய்க்குள் ஒரு முக்கல் கேட்டது. பிறகு வந்தது பாருங்கள் தடி, ஏழு பிள்ளை பெற்றவளுக்கு எட்டாவது வந்ததுபோல, வழுக்கிக்கொண்டு. இழுத்தவர்கள் அத்தனை பேரும் ஒருவர்மேல் ஒருவர் மல்லாந்து விழுந்தார்கள். எந்த சர்க்கார் மேலே, எந்த சர்க்கார் கீழே என்று சொல்ல முடியவில்லை.

அது யார் வீட்டுத் தென்னை என்று மாதவன்குட்டி கேட்டார். கேட்ட மாத்திரத்தில் இந்தப் பூலோகத்தில் தென்னையே இல்லாத ஒரே ஊராக ஈச்சன்விளை மாறியது.

சேற்றை வெட்டி வெளியே தள்ளி முடித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. யேசுரத்தினம் போனில் ஒரு வார்த்தை சொன்னார். மேலே ஷட்டர் திறந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு குழாய்க்குள் குளிர்ந்த காற்று வந்தது, அதன்பின்னால் ஒரு இரைச்சல், அதன்பின்னால் தண்ணீர். நுரையும் ஓலையும் குப்பையுமாகப் பழுப்பாக வந்தது. அப்போது எங்களுக்கு அது பால்தான். கிருஷ்ணமணி வாய்க்காலுக்குள் குதித்து, தண்ணீருக்கு முகத்தைக் காட்டிப் பின்னோக்கி நடந்தார், மாப்பிள்ளையை அழைத்துப் போகிறவரைப்போல. மடையை பகவதியம்மாள் ஏற்கனவே வெட்டித் திறந்துவைத்திருந்தாள். வெடிப்புகளுக்குள் தண்ணீர் இறங்குகிற சத்தம், ஆயிரம் பேர் ஒன்றாகக் கஞ்சி குடிப்பதுபோல வயல் முழுக்கக் கேட்டது. அவள் வரப்பில் உட்கார்ந்து காலை நீட்டி, அந்தத் தண்ணீர் பாதத்தில் ஏறும்வரை அப்படியே இருந்தாள்.

இருட்டுவதற்குமுன் பொறியாளர்கள் இருவரும் கருப்பட்டிக் காப்பி குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். அவசரத்தில் ஆணியிலிருந்து சட்டையை மாற்றி எடுத்து மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மறுவாரம் அதை மாற்றிக்கொள்ள யேசுரத்தினம் ரயில்வே அறைக்குப் போனார். அந்த இரண்டு அலுவலகங்களும் தபால் இல்லாமல் கொடுத்து வாங்கிய முதல் பொருள் அந்தச் சட்டைகள்தான். பிறகு சாயா, பிறகு போன் நம்பர். கலெக்டர் கூட்டத்தில் இருவரும் அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்தார்கள் என்றும், இரண்டு மூன்று குழாய்கள் கூட்டம் தொடங்குவதற்கு முன்பே திறந்துவிட்டன என்றும் என் பழைய பிரிவுக்காரர்கள் சொன்னார்கள். முறைப்படியான கூட்டு ஆய்வுக்கு நாள் குறித்த உத்தரவு, எல்லா ஏணியும் ஏறி இறங்கி, மாசி அறுப்பு முடிந்தபின் வந்துசேர்ந்தது. உத்தரவு உத்தரவுதானே. இரண்டு பேரும் சட்டை போட்டுக்கொண்டு வந்து, ஓடுகிற தண்ணீரை ஆய்வு செய்து, அடைப்பு ஏதும் இல்லை என்று எழுதி, பகவதியம்மாள் வீட்டில் புத்தரிசிச் சோறு சாப்பிட்டுப் போனார்கள்.

அறுப்பைச் சொல்லிவிட்டேன், திங்கட்கிழமையை விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை காலையில் புரோக்கர் வந்தார். அஞ்சுகிராமத்துக்காரர். கறுப்புக் கண்ணாடி, மினுங்குகிற ஷூ, கையில் அளக்கிற டேப். போனில் விபினைப் பிடித்துக்கொண்டே பைக்கை விட்டு இறங்கினார். நேற்று மத்தியானம்வரை வெடித்துக் கிடந்த வயலில், பயிருக்கு இடையிடையே மருந்துவாழ்மலை தலைகீழாகத் தெரிந்தது. நாலைந்து கொக்கு அதற்குள் வந்து வேலையைத் தொடங்கியிருந்தது.

கிருஷ்ணமணி என் பின்னால் நின்றுகொண்டார். மகனுக்குக் கொடுத்த வாக்கு அவரை உறுத்தியிருக்கும்போலிருக்கிறது. பகவதியம்மாள்தான் வரப்பில் முன்னால் வந்தாள்.

"வாருங்க தம்பி. அளக்கணும்னீங்களாமே. எறங்கி அளந்துக்கிடுங்க."

புரோக்கர் டேப்பைப் பார்த்தார், வயலைப் பார்த்தார், ஷூவைப் பார்த்தார். வந்த வழியே திரும்பக் கௌரவம் விடவில்லை. பேன்ட்டை ஒரு மடிப்பு மடித்தார். இன்னொரு மடிப்பு மடித்தார். வரப்பிலிருந்து ஒரு காலை வைத்தார். கால் போனது, போய்க்கொண்டே இருந்தது. இழுத்தபோது கால் வந்தது, ஷூ வரவில்லை. தடுமாறி விழப்போனவரின் கையிலிருந்த போனை பகவதியம்மாள் எட்டி வாங்கிக்கொண்டாள். அதற்குள்ளிருந்து விபினின் குரல், அளந்தாச்சா, அளந்தாச்சா என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

அவள் போனைக் காதில் வைத்தாள்.

"அளந்தாச்சு மக்கா" என்றாள். "முட்டளவு இருக்கு."